எக்ஸோஸ்ட் ஃபேன் இரைகிறதா? சத்தத்தை வைத்தே கோளாறைப் பிடிக்கலாம்

கொழும்புத் தொடர்மாடிகளில் எக்ஸோஸ்ட் ஃபேன் இரைய ஆரம்பித்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் நடக்கும். பழகிக்கொள்வார்கள். அல்லது சுவிட்சைப் போடுவதையே விட்டுவிடுவார்கள், கொஞ்ச நாளில் பாத்ரூம் சீலிங்கில் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறும். அதுவும் இல்லையென்றால் புறக்கோட்டைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து, அதே ஓட்டையில் அதே நான்கு ஸ்குரூவில் மாட்டுவார்கள், அதுவும் பழையது மாதிரியே இரையும். ஃபேன் மாட்டுவதும் கழற்றுவதும் என் பிழைப்பு என்பதால் சொல்கிறேன், பல வீடுகளில் ஃபேன் மேல் பிழையே இருக்காது. அதை மாட்டியிருக்கும் கண்ணாடி, காற்று உள்ளே வர வழியில்லாத அறை, பின்னால் நசுங்கிக் கிடக்கும் குழாய், இந்த மூன்றில் ஒன்றுதான் கத்திக்கொண்டிருக்கும். அதனால் காசை எடுக்கும் முன் காதைக் கொடுங்கள்.

கை வைக்கும் வேலை எதுவானாலும் சுவர் சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள், ட்ரிப் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டுத் தொடங்குங்கள். சில பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரல் வயரில் போட்டிருப்பார்கள். ஃபேன் நின்றிருக்கும், கரண்ட் நின்றிருக்காது.

முதலில் ஓர் அளவு எடுங்கள்

போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்று போதும். ஐஃபோன் வைத்திருந்தால் அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நயோஷ் இலவசமாக விட்டிருக்கும் ஆப் நல்லது. ஆண்ட்ராய்டில் எதை எடுத்தாலும் அது காட்டும் எண்ணை அப்படியே வேதவாக்காக எடுக்க வேண்டாம், ஒவ்வொரு போனிலும் மைக் ஒவ்வொரு மாதிரி. ஆனால் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து அளந்தால், வேலைக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம், நமக்கு வேண்டியதும் அதுதான். ஆப்பில் ஏ-வெயிட்டிங் என்று இருப்பதைத் தெரிவு செய்யுங்கள், அது மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப எண்ணைத் திருத்திக் காட்டும். ஃபேனிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, காற்று மைக்கில் நேரே அடிக்காத பக்கமாகப் போனை வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் அளப்பது நல்லது. பகலில் காலி வீதிப் பக்கத்தில் அளந்தால் பஸ் ஹோர்னைத்தான் அளப்பீர்கள்.

ஃபேனை நிறுத்தி ஓர் அளவு, ஓடவிட்டு ஓர் அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபலோ அதற்கு மேலோ என்றால் இரண்டாவது எண் முழுக்க ஃபேனுடையது. 6 முதல் 9 வரை என்றால் ஒன்றைக் கழியுங்கள், 4 அல்லது 5 என்றால் இரண்டைக் கழியுங்கள், 3 என்றால் மூன்றைக் கழியுங்கள். உதாரணமாக நிறுத்தியபோது 45, ஓடும்போது 48 என்றால் ஃபேன் தனியாகப் போடுவது 45 தான். 3 க்கும் குறைந்த வித்தியாசமென்றால் அந்த அளவை விட்டுவிடுங்கள், ஊர் அடங்கிய பிறகு திரும்ப எடுக்கலாம்.

டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்குக்கு அடங்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வரும் எண்கள் குழப்பும். 50 டெசிபல் போடும் ஃபேன் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றை ஓடவிட்டால் 100 வராது, 53 தான் வரும். மறுபக்கம், 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகப் படும். அதாவது 3 டெசிபல் குறைத்தேன் என்று யாராவது பெருமைப்பட்டால், கவனித்துக் கேட்டால்தான் தெரியும்; 8, 10 குறைத்தால் வீட்டில் எல்லோரும் நீங்கள் சொல்லாமலே கவனிப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1999 இல் சொன்ன வழிகாட்டலில் படுக்கையறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. யன்னலைத் திறந்துவைத்தால் வெள்ளவத்தையில் வெளிச்சத்தமே அதைத் தாண்டிவிடும். ஆனாலும் படுக்கையறையோடு சேர்ந்த பாத்ரூம் ஃபேனுக்கு அந்த எண்ணை மனதில் வைத்திருப்பது நல்லது.

யன்னலை அல்லது கதவைத் திறந்தால் சத்தத்தின் தொனி மாறுகிறது

முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான், செலவே இல்லை. ஃபேன் ஓடும்போது கதவை இரண்டு விரல் இடைவெளிக்குத் திறந்து பாருங்கள். இரைச்சல் சட்டென்று தணிந்தால் அல்லது கரகரப்பு போய் மெல்லிய ஓட்டமாக மாறினால், ஃபேன் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். உள்ளே வரக் காற்று இல்லாமல் வெளியே தள்ளவும் முடியாது. இலைகள் காற்றைப் பிடிக்காமல் அதே இடத்தில் கலக்கிக்கொண்டிருக்கும், அந்தக் கலக்கல்தான் உங்களுக்குக் கேட்பது.

ஏசி போட்ட வீடுகளில் இது சர்வசாதாரணம். குளிர் போய்விடக் கூடாதென்று எல்லா இடுக்கையும் அடைப்பார்கள், பாத்ரூம் கதவின் கீழே ரப்பர் பட்டையும் ஒட்டுவார்கள், பிறகு ஃபேன் கத்துகிறது என்று போன் எடுப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண பாத்ரூம் ஒன்றுக்கு நொடிக்கு 25 லீட்டர் காற்று வெளியே போனால் போதும். கதவு 75 சென்டிமீட்டர் அகலம், கீழே இடைவெளி 5 மில்லிமீட்டர் என்றால் அந்த இடுக்கு வழியாகக் காற்று நொடிக்கு 6.7 மீட்டர் வேகத்தில் வர வேண்டும். அது சீட்டியடிக்கும். இடைவெளியை 2 சென்டிமீட்டர் ஆக்கினால் வேகம் 1.7 மீட்டருக்கு இறங்கிவிடும், சத்தமே இராது. கதவின் அடியைச் சீவ மனமில்லை என்றால் கீழ்ப்பகுதியில் லூவர் தட்டு ஒன்று வைக்கலாம். அட்டாச் பாத்ரூமுக்கு நான் லூவரைச் சொல்வதில்லை, அதன் வழியாக எல்லாச் சத்தமும் படுக்கையறைக்கு வரும், சீவுவதுதான் நல்லது.

திறந்தும் ஒரு மாற்றமும் இல்லையா? அப்போது ஃபேனின் முன்பக்கத்தைப் பாருங்கள். கொசு வலை அடித்து அதில் தூசி பஞ்சாகப் படிந்திருந்தால் அதுவும் இதே நோய்தான். குசினியில் அலுமாரியை ஃபேன் முகத்தோடு ஒட்டி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் காற்று வந்தால் ஒவ்வொரு இலையும் ஒரு சுற்றில் நல்ல காற்றையும் மோசமான காற்றையும் மாறி மாறி வெட்டும், அந்தப் படபடப்பு தனியாகக் கேட்கும். ஃபேன் முகத்துக்கு முன்னால் அதன் விட்டத்தின் அளவுக்காவது வெறும் இடம் விடுங்கள்.

சுவரே உறுமுகிறது, பக்கத்து அறையிலும் கேட்கிறது

நம்மூரில் குசினி ஃபேனை எங்கே மாட்டுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். யன்னலின் மேல் தட்டில் உள்ள கண்ணாடியில் வட்டமாக வெட்டி, அதில் ஃபேனைச் செருகி, சுற்றிலும் சிலிக்கன் பூசி விடுவார்கள். சுவரை உடைக்க வேண்டாம், வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டாம், வாடகை வீட்டுக்கு வசதிதான். ஆனால் மெல்லிய கண்ணாடி நான்கு பக்கமும் சட்டத்தில் இழுத்துப் பிடித்த மிருதங்கத் தோல் மாதிரி; ஃபேனின் சின்ன நடுக்கத்தை வாங்கி அறை முழுக்கக் கொட்டும். உள்ளங்கையைக் கண்ணாடியில் அழுத்திப் பிடியுங்கள். பிடித்த நொடியில் உறுமல் செத்து, கையை எடுத்ததும் திரும்ப உயிர் பெற்றால், வேறு எதையும் தேட வேண்டாம். சட்டத்தைச் சுற்றி உள்ள புட்டி காய்ந்து வெடித்திருந்தால் கண்ணாடி ஓரமும் சேர்ந்து சலசலக்கும், நகத்தால் தட்டினாலே தெரியும்.

அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு முக்கால் அங்குல மரைன் பிளைவூட் பலகையைப் போடுவதுதான் சரியான மருந்து. பாரம் கூடக்கூட ஆட்டம் குறையும். கடலோரப் பக்கம் என்றால் பலகையின் வெட்டு விளிம்புக்கும் பெயின்ட் அடியுங்கள், உப்புக் காற்றில் அங்கிருந்துதான் ஊதும். ஸ்குரூவும் ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும். சாதாரண ஸ்குரூ வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்தில் சீக்கிரம் கறள் பிடித்துத் தளர்ந்துவிடும், பிறகு அதுவே கிலுகிலுக்கும்.

சுவரில் மாட்டியிருந்தும் உறுமினால், ஸ்குரூக்களைத் தளர்த்தி ஃபேனைச் சுவரிலிருந்து ஒரு விரல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரிடம் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். கிறில் மாட்டியிருக்கட்டும், விரல் கவனம். கையில் பிடித்திருக்கும்போது அமைதியாக ஓடினால் நடுக்கம் சுவர் வழியாகத்தான் போகிறது, நடுவில் ரப்பர் போட வேண்டும்.

ரப்பரிலும் ஒரு கணக்கு இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. நிமிடத்துக்கு 1400 சுற்று என்றால் நொடிக்கு 23 சுற்று. இலை சமநிலை தப்பியிருந்தால் நொடிக்கு 23 தடவை சுவரைத் தள்ளும். மோட்டரின் கரண்ட் ரீங்காரம் அதற்கு மேலே, நொடிக்கு 100 தடவை, ஏனென்றால் நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஒரு சுழற்சிக்குள் காந்தம் இரண்டு தரம் இழுத்துவிடும். பாரம் ஏறும்போது ரப்பர் எவ்வளவு அமுங்குகிறதோ, அவ்வளவுக்கு அது தாழ்ந்த அதிர்வையும் தடுக்கும். அரை மில்லிமீட்டர் அமுங்கும் சாதாரண ரப்பர் வாஷர் அந்த 100 ஐ நன்றாகவே தடுக்கும், ஆனால் 23 ஐத் தடுக்காது, சொல்லப்போனால் அதன் இயல்பான ஆட்டமும் 22, 23 பக்கம்தான் என்பதால் கூட்டியே விடும். 23 ஐயும் அடக்க வேண்டுமென்றால் 4 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்கக்கூடிய மெத்தையான பாதங்கள் தேவை. வீட்டு ஃபேனுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, இலையைக் கழுவிச் சமநிலையைச் சரிசெய்துவிட்டு ரீங்காரத்துக்கு வாஷர் போட்டால் போதும். நத்தைக்கூடு மாதிரிக் கூட்டுக்குள் சக்கரம் சுற்றுமே, கடைகளின் அந்தப் பெரிய புளோவருக்குத்தான் பாதங்கள். எதுவானாலும் ஸ்குரூவைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்க வேண்டாம், ரப்பர் முழுக்க நசுங்கினால் அது இருந்தும் இல்லாததுதான். ஸ்குரூவின் தலைக்குக் கீழேயும் ஒரு வாஷர் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நடுக்கம் ஸ்குரூ வழியாகவே தாண்டிப் போகும்.

குழாய் வழியாக "ஊ" என்ற இரைச்சல்

ஃபேனிலிருந்து வெளியே போகும் குழாய் இருந்தால், சத்தம் ஃபேன் பக்கத்திலா குழாயின் வாய்ப்பக்கத்திலா பெரிதாக இருக்கிறது என்று இரண்டிடத்திலும் நின்று கேளுங்கள். குழாய் வாயில் பெரிதென்றால் காற்று அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடுகிறது.

3 மீட்டர் நீளம், 2.5 அகலம், 2.8 உயரம் உள்ள ஒரு குசினியை எடுங்கள், 21 கன மீட்டர். தாளிக்கும் வீட்டுக்கு மணிக்கு 15 தரம் காற்று மாற வேண்டும் என்று வைத்தால் மணிக்கு 315 கன மீட்டர். இதை 4 அங்குலக் குழாயில் திணித்தால் காற்று நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் பறக்கும். 6 அங்குலக் குழாய் என்றால் 5 மீட்டர்தான். காற்றின் வேகம் பாதியானால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும் என்பது பொதுவான கணக்கு, இங்கே பாதிக்கும் கொஞ்சம் கூடவே குறைகிறது. நேரில் கணக்கில் வருவது முழுதாகக் கிடைக்காது, ஆனாலும் வித்தியாசம் காதுக்கு நன்றாகத் தெரியும். அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் ஹுட்டின் வாய் 6 அங்குலமாக இருக்க, சுவரில் ஏற்கெனவே 4 அங்குல ஓட்டை இருக்கிறதே என்று குறுக்கிப் போடும் வேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். சுவரை ஒரு தரம் உடைத்தால் முடிந்துவிடும் வேலைக்கு, வருடக்கணக்காக வீட்டுக்காரர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சுருள் அலுமினியக் குழாய் போட்டிருந்தால் சீலிங்கைத் திறந்து பாருங்கள். மூன்று மீட்டர் தேவைப்படும் இடத்தில் ஐந்து மீட்டரைச் சுருக்கித் தொங்கவிட்டிருப்பார்கள், நடுவில் ஒரு தொய்வு, அதில் தண்ணீர்கூடத் தேங்கியிருக்கும். மிச்சத்தை வெட்டி, சுருக்கம் விரியும்வரை இழுத்து மாட்டுங்கள். ஃபேன் வாயிலிருந்து உடனே வளைக்காமல், குழாயின் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது நேரே போகவிட்டுப் பிறகு வளையுங்கள். முழங்கை வளைவு என்றால் கூர்மையானதைவிட நீண்டு வளைந்தது.

இதற்கும் அடங்காவிட்டால் உள்ளே கிளாஸ் வூல் பதித்த ஒரு துண்டுக் குழாயை நடுவில் சேர்க்கலாம், பாத்ரூம் குழாய்க்கு நன்றாக வேலை செய்யும். குசினிக் குழாய்க்குள் எந்தப் பஞ்சும் வேண்டாம். எண்ணெய் ஊறி, ஒரு நாள் தீ பிடித்தால் குழாய் நீளத்துக்கும் ஓடும். ரெஜிபோம் ஒட்டுவதும் முட்டைத் தட்டு ஒட்டுவதும் வீண் வேலை. சத்தத்தைக் குடிக்கும் பொருள் காற்று புகுந்து போகும் நார் மாதிரி இருக்க வேண்டும், ரெஜிபோமுக்குள் காற்று புகாது.

ரெகுலேட்டரைக் குறைத்தால் "ம்ம்ம்" என்று முனகுகிறது

முழு வேகத்தில் அமைதியாகவும் குறைத்தால் முனகலாகவும் இருந்தால் கோளாறு ரெகுலேட்டரில். படியில்லாமல் வழுக்கித் திரும்பும் எலெக்ட்ரானிக் வகை, கரண்ட் அலையை வெட்டி வெட்டிக் கொடுக்கும், மோட்டர் அந்த வெட்டுக்கு நடுங்கும். படிப்படியாக டக் டக் என்று மாறும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டரை மாற்றிப் போடுங்கள். எல்லா மோட்டருக்கும் வேகம் குறைப்பது ஒத்துவராது. குறைத்து அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு மெயினை நிறுத்தி மோட்டரைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த ஃபேனுக்கு ரெகுலேட்டர் வேண்டாம்.

முழு வேகத்திலும் முனகல், அதோடு சுவிட்சைப் போட்டதும் தயங்கித் தயங்கி, சில வேளை விரலால் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது என்றால், கெப்பாசிட்டர் போய்விட்டது அல்லது தண்டைத் தாங்கும் வளையமான புஷ் இறுகிவிட்டது. நிறுத்திய நிலையில் இலையைக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால் கெப்பாசிட்டர்தான். அதே மைக்ரோ ஃபராட் எண் உள்ளதையே வாங்க வேண்டும், கூடப் போட்டால் வேகமாக ஓடும் என்ற கதையை நம்பி மோட்டரை எரித்தவர்கள் உண்டு.

கடகட, கிறீச், உராய்வு

ஃபேன் உண்மையிலேயே பிழையானது இந்த வகையில்தான். பெரிய ஸ்குரூ டிரைவரின் நுனியை மோட்டரின் உடம்பில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கேளுங்கள், மெக்கானிக்மார் எஞ்சினுக்குச் செய்வார்களே அதே வேலை. இலையிலிருந்து தூரமாக, மோட்டரின் பின் முனையில் வையுங்கள். மணல் அரைபடுவது மாதிரி கேட்டால் பெயாரிங். விட்டு விட்டுக் கிறீச் என்றால் காய்ந்த புஷ். சுற்றுக்கு ஒரு தரம் டிக் என்றால் இலை எங்கேயோ தட்டுகிறது, பெரும்பாலும் வளைந்த கிறில் அல்லது கூட்டின் ஓரம்.

புஷ் உள்ள சின்ன ஃபேனுக்குத் தையல் மெசின் எண்ணெய் இரண்டு மூன்று துளி, தண்டின் இரண்டு முனையிலும். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம், கொஞ்ச நாளில் பிசினாகிவிடும். ஸ்பிரே அடித்தாலும் அழுக்கைக் கரைக்கும், அன்றைக்கு நிம்மதி, பிறகு பழையபடி. எண்ணெய் விடும் முன் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். விரலுக்கு ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்துபோய்விட்டது, எண்ணெய் அதை மறைக்கும், தீர்க்காது. பெயாரிங் உள்ள மோட்டர் என்றால் ஓரத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போங்கள், வாகனப் பெயாரிங் விற்கும் கடைகளில் அதே எண் கிடைக்கும்.

குசினி இலையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறுவது எப்போதும் ஒரே சீராக ஏறாது. ஒரு இலையில் கொஞ்சம் கூடினாலே மொத்த ஃபேனும் ஆடும். சலவைச் சோடா கரைத்த சுடுநீரில் இலையை ஊறவைத்துக் கழுவுங்கள். அலுமினிய இலைக்கு மட்டும் சோடா வேண்டாம், கறுத்துவிடும், பாத்திரம் கழுவும் திரவம் போதும். திரும்ப மாட்டும்போது இலை பழைய ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஒரு அங்குலம் வெளியே நின்றாலும் காற்றும் குறையும் சத்தமும் கூடும்.

ஃபேன் நிற்கும்போதும் டக் டக்

மேற்குப் பக்கம் பார்த்த வீடுகளில் மே முதல் செப்டம்பர் வரை இந்த முறைப்பாடுதான் கூட வரும். தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே வந்து ஃபேனுக்கு வெளியே உள்ள பிளாஸ்டிக் இதழ்களைத் தூக்கித் தூக்கி அடிக்கும், சில நாளில் நிறுத்தியிருக்கும் ஃபேனே பின்னோக்கிச் சுற்றும். இதழ்கள் மூடும் ஓரத்தில் மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டினால் அடி மெத்தென்றாகும். நிரந்தரமாக வேண்டுமென்றால் வெளியே கீழ்நோக்கி வளைந்த ஒரு முகமூடி, காற்று நேரே முட்டாது, மழையும் உள்ளே அடிக்காது.

சத்தம் ஏறி இறங்கி அலை அலையாக வருகிறது

இரண்டு ஃபேன்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் சாப்பாட்டுக் கடைகளில் கேட்டிருப்பீர்கள். ஐந்து இலை, நிமிடத்துக்கு 1400 சுற்று என்றால் நொடிக்கு 117 தடவை இலை காற்றை வெட்டுகிறது. பக்கத்து ஃபேன் ஒரு துளி வேகமாகச் சுற்றி 118 என்றால், நொடிக்கு ஒரு தரம் இரண்டும் சேர்ந்து ஓங்கி, பிறகு தணியும். கோளாறு எதுவும் இல்லை, ஆனால் தூங்கப் போகும் ஆளுக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை. ஒன்றின் வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டால் அலை மறைந்துவிடும்.

புளோவர் வகை ஃபேன், அதுவும் மூன்று பேஸ் கரண்டில் ஓடுவது, யாராவது கழற்றி மாட்டிய பிறகு திடீரென்று சத்தம் கூடிக் காற்றுக் குறைந்தால், சுற்றும் திசையைப் பாருங்கள். இரண்டு வயர் இடம் மாறியிருக்கும். புளோவர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்றைச் சரியான பக்கம்தான் தள்ளும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பக்கத்து வீட்டார் முறைப்பாடு

"தம்பி, அந்த ஃபேனைப் பத்து மணிக்குப் பிறகு நிப்பாட்ட மாட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டு அன்ரி கேட்பதோடு நின்றால் அதிர்ஷ்டம். 1996 மே மாதம் வர்த்தமானியில் வந்த சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, மாநகர சபை எல்லைக்குள் காணியின் எல்லையில் காலை 6 முதல் மாலை 6 வரை 63 டெசிபல், அதற்குப் பிறகு விடியும்வரை 50 டெசிபல். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் போன்றவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் என்றால் 50 உம் 45 உம். சுற்றுப்புறச் சத்தமே அதைத் தாண்டும் இடங்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது என்பதைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும், கொத்து போடும் நேரம் முழுக்க இரவுக் கணக்கில்தான் வருகிறது.

மாட்டும் முன்பே மதிப்பிடலாம். ஃபேனின் பெட்டியிலோ பட்டியலிலோ ஒரு மீட்டரில் 70 டெசிபல் என்று இருக்கிறது, பக்கத்துக் காணி எல்லை 8 மீட்டரில் இருக்கிறது என்று வைப்போம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் குறையும்: 2 மீட்டரில் 64, 4 இல் 58, 8 இல் 52. இரவு அளவை ஏற்கெனவே தாண்டிவிட்டது. அதே ஃபேன் இரண்டு என்றால் 55. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகள் மாதிரி இரண்டு பக்கமும் சுவர் என்றால் சத்தம் முட்டி முட்டித் திரும்பும், இவ்வளவுகூடக் குறையாது, எண்ணில் இன்னும் 3 சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் உள்ள எண் எத்தனை மீட்டரில் அளந்தது என்று கட்டாயம் பாருங்கள், 3 மீட்டரில் அளந்து சின்ன எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவார்கள்.

குறைக்கும் வழியில் மலிவானது வேகம். சுற்றை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றும் ஐந்தில் ஒரு பங்கு குறையும், சத்தம் 5 டெசிபல் இறங்கும், தண்டை இழுக்கத் தேவையான சக்தி பாதியாகும். கடையில் கூட்டம் இல்லாத நேரம் முழு வேகம் எதற்கு? அடுத்தது திசை: வாயை அயலவர் யன்னலைப் பார்க்க விடாமல் மேலே திருப்புங்கள். யன்னலுக்கும் ஃபேனுக்கும் நடுவே பார்வையை மறைக்கும் கனமான தடுப்பு ஒன்று நின்றாலே 5 டெசிபல் அளவுக்குக் கிடைக்கும். தகரம் வேண்டாம், அதுவே அதிரும், கல் வைத்துக் கட்டுங்கள்.

தொடர்மாடிகளில் எல்லா பாத்ரூமும் மாடிகளினூடே மேலே போகும் ஒரே காற்றுக்குழியான டக்டுக்குள் திறப்பதால் மேல் மாடி ஃபேன் உங்கள் பாத்ரூமில் ஓடுவது மாதிரி கேட்கும். அதற்கு உங்கள் ஃபேனை மாற்றி ஒன்றும் ஆகாது. நிர்வாகக் குழுவிடம் சொல்லி டக்டின் உச்சியை யாராவது தகடு போட்டு அடைத்திருக்கிறார்களா என்று பார்க்க வைப்பதுதான் முதல் வேலை.

வாங்கியே ஆக வேண்டும் என்றால்

பெரிதாக வாங்கி மெதுவாக ஓடவிடுங்கள். 12 அங்குல, 1400 சுற்று ஃபேனுக்குப் பதில் அதே வடிவத்தில் 15 அங்குல, 900 சுற்று ஃபேன் போட்டால், கணக்குப்படி காற்று கால்வாசி கூடும், சத்தம் 3 டெசிபல் குறையும். அந்தக் கூடுதல் காற்று வேண்டாம் என்று வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், பழைய அளவு காற்றே கிடைக்கும், சத்தமோ கிட்டத்தட்ட 8 டெசிபல் இறங்கியிருக்கும். சுற்று எண் மோட்டரில் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். நம்முடைய 50 ஹேர்ட்ஸில் வீட்டு ஃபேன்கள் 1400 பக்கமோ 900 பக்கமோதான் வரும்.

முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் வாங்கப் போனால், மேசையில் வைத்து ஓட்டிக் காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள், மேசையும் சேர்ந்து ஆடும், தெருச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கிறிலைப் பிடித்துக் கையில் தூக்கிவைத்து ஓடவிடச் சொல்லுங்கள். கையில் உணரும் நடுக்கம்தான் நாளைக்கு உங்கள் சுவருக்குப் போகப்போவது. நிறுத்தியதும் இலை எப்படி நிற்கிறது என்றும் பாருங்கள்: மெதுவாகத் தணிந்து நின்றால் நல்லது, சட்டென்று பிடித்து நின்றால் புஷ் இறுக்கம், எப்போதும் ஒரே இலை கீழே வந்து நின்றால் அந்த இலையில் பாரம் கூட, வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள்.